பொந்துக்கு ஆகும் காலம்: மரவெட்டும் திட்டமிட்ட தீயும் காட்டு உயிர்களை என்ன செய்கின்றன?

கேள்வி இதுதான்: வணிகத்துக்காகக் காட்டு மரங்களை வெட்டுவதும், பெருந்தீ வராமல் தடுக்க அதிகாரிகளே நாள் குறித்துக் காட்டுக்குத் தீ வைப்பதும், ஏற்கெனவே அருகிப்போன உயிரினங்களை எப்படிப் பாதிக்கின்றன? இரண்டில் எது மோசம்?

ஒரே வரியில் பதில் சொன்னால் பாதிக் காடுகளுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவின் தென்கிழக்கில் ஒரு மரங்கொத்தி, தீ வராமல் போனதால் அழியப் பார்த்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு சிறு விலங்கு, தீ வந்த இடத்தில் எல்லாம் காணாமல் போனது. இரண்டுமே மரப்பொந்தில் குடியிருப்பவை. அதனால் வெட்டலாமா, எரிக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால் அந்த உயிருக்கு என்ன தேவை, அது உருவாக எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்க வேண்டும். நான் படித்தவரை, இந்த விவாதத்தில் பெரும்பாலான குழப்பம் இந்தக் கேள்வியைத் தவிர்ப்பதால்தான் வருகிறது.

விக்டோரியாவிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு செயல்களும் ஒரே காட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக நடந்ததை அங்கே பார்க்கலாம்.

மெல்போர்னுக்குக் கிழக்கே இருக்கும் மலைகளில் மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரக்காடு இருக்கிறது. பூக்கும் தாவரங்களிலேயே உலகில் மிக உயரமானது இதுதான். டாஸ்மேனியாவில் நிற்கும் இதே இனத்து மரம் ஒன்று ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். இந்தக் காட்டில் வாழ்வது லெட்பீட்டர் பாஸம். பைக்குள் குட்டி வளர்க்கும் விலங்கு. எடை 130 கிராம் அளவுதான், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். 1867ல் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. 1909க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை, அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். 1961ல் மேரிஸ்வில் அருகே மறுபடியும் கண்டுபிடித்தார்கள். 1971ல் விக்டோரியாவின் மாநில விலங்கானது. 2015ல் அதே விலங்கை மிக அபாயகரமான நிலையில் உள்ள இனமாக அறிவிக்க வேண்டி வந்தது.

இதற்கு இரண்டு தேவைகள். ஒன்று, பகலில் குடும்பமாகச் சுருண்டு தூங்க வயதான மரத்தில் ஒரு பொந்து. இன்னொன்று, இரவில் தாவித் திரியவும் பிசின் உண்ணவும் அடர்த்தியான இளம் வாட்டில் மரங்கள். வாட்டில் என்பது வேல மரத்தின் உறவு. தீ பட்ட இடத்தில் சில ஆண்டுகளிலேயே தழைத்து எழும். பொந்து அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் மரத்தைக் குடைந்து வீடு செய்யும் மரங்கொத்திகளே கிடையாது. கிளை முறிந்து, காயத்தில் பூஞ்சை ஏறி, கறையான் நுழைந்து, உள்மரம் மெல்ல மெல்ல அழுகித்தான் பொந்து உண்டாக வேண்டும். மவுண்டன் ஆஷ் மரத்தில் இது தொடங்கவே சுமார் 120 ஆண்டு ஆகும். பாஸம் குடியேறும் அளவுக்கு ஆழமும் இடமும் உண்டாக 190 ஆண்டு வரை ஆகலாம்.

அங்கே வெட்டும் சுழற்சி எவ்வளவு இருந்தது? ஏட்டில் 80 ஆண்டு, நடைமுறையில் பல இடங்களில் அதற்கும் குறைவு. என் வாதத்தின் பெரும் பகுதி இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது. 80 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டப்படும் காட்டில் பொந்து என்ற ஒன்று வரவே வராது. மரங்கள் மறுபடி முளைக்கும், மேலிருந்து பார்த்தால் பச்சையாகவே தெரியும், பரப்பளவுக் கணக்கில் ஒரு ஹெக்டேர்கூடக் குறையாது. ஆனால் பொந்தை நம்பிய விலங்குக்கு அது வீடு இல்லாத ஊர்.

2024 தொடக்கத்தில் வணிக வெட்டு நிற்கும்வரை அங்கே வெட்டிய முறையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒட்டுமொத்த வெட்டுதான். பதினைந்து ஹெக்டேரோ நாற்பது ஹெக்டேரோ ஒரு துண்டாக எடுத்துக்கொண்டு, அதிலிருக்கும் மரங்களை ஏறக்குறைய முழுக்கச் சாய்ப்பார்கள். அப்புறம் மிஞ்சிய கிளைகளையும் பட்டைகளையும் கடுமையாக எரிப்பார்கள், ஏனென்றால் மவுண்டன் ஆஷ் விதை சாம்பல் படிந்த வெறும் மண்ணில்தான் நன்றாக முளைக்கும். ஆக, வெட்டு வேறு தீ வேறு என்று அங்கே பிரிக்கவே முடியாது. விட்டுவைத்த ஒன்றிரண்டு பொந்து மரங்களும் இந்த எரிப்பில் கருகும், அல்லது சுற்றிலும் மறைப்பு இல்லாததால் காற்றில் சாயும்.

இயற்கையான காட்டுத்தீயும் இதையேதானே செய்கிறது என்று மரத்தொழில் தரப்பில் சொல்வார்கள். நியாயமான கேள்வி. 1939 ஜனவரி 13ஆம் தேதிப் பெருந்தீயில் அந்த மலைக்காடுகளின் பெரும்பகுதி எரிந்தது. ஆனால் தீ மரத்தைக் கொன்றதே தவிர, லாரியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. எரிந்த பெரிய மரங்கள் பட்டமரங்களாக அப்படியே நின்றன. அவற்றில் பொந்துகள் இருந்தன. கீழே வாட்டில் அடர்ந்து வளர்ந்தது. 1961ல் பாஸம் மறுபடி கண்ணில் பட்டதற்கும், அதன்பின் சில பத்தாண்டுகள் அது ஓரளவு பெருகியதற்கும் இந்தச் சேர்க்கைதான் காரணம். தீ முதுமையின் எச்சத்தை விட்டுவிட்டுப் போகிறது, வெட்டு அதை எடுத்துக்கொண்டு போகிறது.

அதற்காகத் தீ நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மவுண்டன் ஆஷ் கடும் தீயில் செத்துப்போகும் மரம். பல யூகலிப்டஸ் வகைகள் போல எரிந்த தண்டிலிருந்து துளிர்க்காது, விதையை மட்டுமே நம்பியிருக்கிறது. விதை தரும் பருவத்துக்கு வர 15 முதல் 20 ஆண்டு ஆகும். அதற்குள் இரண்டாவது தீ வந்தால் அந்த இடத்தில் ஆஷ் காடே இருக்காது, வாட்டில் புதராக மாறிவிடும். 2009 பிப்ரவரி தீக்குப் பிறகு செய்த கள ஆய்வுகளில், லேசாக எரிந்த இடங்களில்கூட லெட்பீட்டர் பாஸத்தைக் காண முடியவில்லை. அதனால் இந்த ஈரக்காட்டில் 'லேசான தீதானே' என்று சொல்லித் திட்டமிட்டு எரிப்பதற்கு இடமே இல்லை என்பது என் எண்ணம்.

வெட்டு தீயைக் கூட்டுகிறதா என்பது இன்னும் சூடாக விவாதிக்கப்படும் விஷயம். 2009 தீயை ஆராய்ந்த சூழலியலாளர்கள் சிலர், வெட்டியபின் முளைத்து ஏறத்தாழ 10 முதல் 40 வயது வரை இருந்த இளங்காடுகள் முதிர்ந்த காட்டைவிடக் கடுமையாக எரிந்தன என்று காட்டினார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இளமரங்கள் நெருக்கமாக நிற்கும், உச்சியிலை தரைக்குப் பக்கத்தில் இருக்கும், ஈரம் காக்கும் பெரணிகள் குறைவாக இருக்கும். வனவியலாளர்களில் வேறு சிலர் இதை மறுத்தார்கள். அத்தனை வெப்பமும் காற்றும் இருந்த நாளில் வானிலைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றார்கள். கடும் வானிலையில் வேறுபாடு குறையும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதிர்ந்த ஈரக்காட்டை இளங்காடாக மாற்றியதால் ஆபத்து குறைந்தது என்று எந்தத் தரப்பும் நிரூபிக்கவில்லை.

அதே காடுகளில் வாழும் இன்னொரு விலங்கு கிரேட்டர் கிளைடர். பூனை அளவு உடல், நீண்ட வால், மரத்துக்கு மரம் நூறு மீட்டர் வரை காற்றில் மிதந்து போகும். யூகலிப்டஸ் இலை மட்டுமே உணவு. ஒன்றின் வாழிடம் சில ஹெக்டேர்தான், ஆனால் அதற்குள் பல பொந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். அதன் மரத்தை வெட்டினால் பக்கத்துக் காட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். 1969ல் வெளியான ஓர் ஆய்வு இந்த எண்ணத்தை உடைத்துவிட்டது. காடு வெட்டப்பட்டபோது அங்கிருந்த கிளைடர்களில் பெரும்பாலானவை இடம்பெயர்ந்து நிலைக்கவில்லை, செத்துப்போயின. பக்கத்துக் காடு காலியாக இருப்பதில்லை, அங்கே ஏற்கெனவே வேறு கிளைடர்கள் குடியிருக்கும். விலங்குகள் ஓடித் தப்பித்துவிடும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. 2022ல் தெற்குப் பகுதியின் கிரேட்டர் கிளைடரும் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

சட்டம் என்ன செய்தது? நிறைய முயன்றது, பெரும்பாலும் தாமதமாக. லெட்பீட்டர் பாஸம் ஓரிடத்தில் தென்பட்டால் அதைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்துக்கு வெட்டக் கூடாது என்று ஒரு விதி வந்தது. கணக்குப் போட்டால் 12 ஹெக்டேர் சொச்சம். வெட்டவெளிக்கு நடுவே ஒரு தீவு. 2020 மே மாதம், பாஸத்துக்காகத் தொடரப்பட்ட வழக்கில் மத்திய நீதிமன்றம் 66 வெட்டுத் துண்டுகள் தொடர்பாக மாநில மரநிறுவனமான விக்ஃபாரஸ்ட்ஸ் மீறல் செய்ததாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் வெட்டினால் பாதிப்பு இல்லை என்று சொல்லவில்லை. வட்டாரக் காட்டு ஒப்பந்தங்கள் என்ற ஏற்பாட்டின் கீழ் நடக்கும் மரவெட்டுக்கு மத்தியச் சூழல் சட்டத்திலிருந்தே விலக்கு இருந்தது என்பதுதான் காரணம். பிறகு 2022ல் மாநில உச்ச நீதிமன்றம், வெட்டும் முன் கிளைடர் இருக்கிறதா என்று முறையாகத் தேட வேண்டும் என்று உத்தரவிட்டது. தேடினால் கிடைத்துக்கொண்டே இருந்தன, வெட்டு முடங்கியது. 2030ல் நிறுத்துவதாகச் சொல்லியிருந்த அரசு, இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை 2024 ஜனவரி 1ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது.

சரி, அடுத்து திட்டமிட்ட தீ.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு அரசியல் வரலாறு உண்டு. 2009 தீயில் 173 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த ஆணையம், ஆண்டுதோறும் பொதுநிலத்தில் குறைந்தது 5 சதவீதத்தைத் திட்டமிட்டு எரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த மரணங்களுக்குப் பிறகு அப்படிக் கேட்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பரப்பளவை இலக்காக வைத்தால் என்ன நடக்கும்? ஊருக்குப் பக்கத்தில் 50 ஹெக்டேரைக் கவனமாக எரிப்பது கடினம், செலவு அதிகம். யாரும் இல்லாத மலையில் 5,000 ஹெக்டேரை எரிப்பது சுலபம். இலக்கு எட்டப்படும், ஊருக்குப் பாதுகாப்பு கூடாது, காட்டுக்கு இழப்பு மட்டும் நிச்சயம். 2015ல் விக்டோரியா அந்த இலக்கைக் கைவிட்டு, எவ்வளவு அபாயம் குறைகிறது என்று அளக்கும் முறைக்கு மாறியது. சரியான முடிவு.

திட்டமிட்ட தீ நேரடியாக எரித்துக் கொல்வதைவிட, பின்னால் நடப்பதுதான் பெரிய விஷயம். நிதானமான தீயில் பல விலங்குகள் வளைக்குள்ளோ பாறை இடுக்கிலோ மரத்து மேலோ தப்பித்துவிடும். வெளியே வந்து பார்த்தால் மறைந்துகொள்ள ஒரு புதர் இருக்காது. வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் காட்டுப்பூனைகளுக்குக் கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ் கட்டிப் பார்த்தபோது, அவை தங்கள் வழக்கமான எல்லையைத் தாண்டி 10 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, புதிதாக எரிந்த இடத்துக்கு வேட்டைக்குப் போனது தெரிந்தது. வெளியிலிருந்து வந்த பூனையும் நரியும் இல்லாத காலத்தில் அதே தீயை அதே விலங்குகள் தாங்கியிருக்கலாம். இன்றைக்கு அப்படி இல்லை. தரையில் கிடக்கும் உள்ளீடற்ற கட்டைகளில் ஒளிந்து வாழும் நம்பட் போன்ற விலங்குக்கு, அந்தக் கட்டை எரிந்துபோவது வீடும் கோட்டையும் ஒருசேரப் போவதுதான்.

பொந்து மரங்களும் இதில் விழும். வயதான மரத்தின் அடிப்பக்கம் ஏற்கெனவே குடைந்து, கறையான் தின்று உலர்ந்திருக்கும். இடுப்பு உயரத் தீ அதற்குள் நுழைந்தால் புகைபோக்கி போல நாட்கணக்கில் உள்ளேயே கனன்று, மரம் சாய்ந்துவிடும். பக்கத்திலிருக்கும் இளமரத்துக்கு ஒன்றும் ஆகாது. லேசான தீ என்று வரைபடத்தில் குறித்த இடத்திலேயே மிக மதிப்புள்ள மரங்கள் மட்டும் பொறுக்கி எடுத்தது போலப் போய்விடும். இது போதாதென்று, தீ வைக்கும் ஊழியர்கள் மேல் விழக்கூடும் என்று பாதையோரம் இருக்கும் வயதான மரங்களை முன்கூட்டியே வெட்டுவதும் உண்டு. ஊழியர் உயிர் முக்கியம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாதையை எங்கே போடுவது என்று முடிவு செய்யும்போதே இந்த மரங்களைக் கணக்கில் எடுத்திருக்கலாம். பொந்து மரத்தின் அடியில் சருகையும் பட்டையையும் ஒரு வட்டமாகக் கூட்டி அள்ளிவிட்டுத் தீ வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மண்வாரியும் கொஞ்சம் ஆள்பலமும் போதும்.

மண்வாரி வேலையை நெடுங்காலமாகச் செய்துவருபவர்கள் அமெரிக்காவின் தென்கிழக்கில் இருக்கிறார்கள். முதலில் சொன்ன மரங்கொத்தியின் ஊர் அது. ரெட்-காக்கேடட் மரங்கொத்தி என்று பெயர். லாங்லீஃப் பைன் காடுகளில் வாழ்வது. அந்தக் காடு ஒருகாலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் இருந்தது. வெட்டியும் விளைநிலமாக்கியும் நூற்றில் சில பங்குதான் மிஞ்சியது. மற்ற மரங்கொத்திகள் பட்ட மரத்தைக் குடையும், இது உயிருள்ள பைன் மரத்தைக் குடையும். அதற்கு மரம் வயதானதாக, நடுமரத்தில் பூஞ்சை ஏறி மெத்தென்று ஆனதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 80 வயதைத் தாண்டிய மரங்கள். ஒரு பொந்தை முடிக்கப் பறவைக்குச் சில ஆண்டுகள் ஆகும். வாசலைச் சுற்றிச் சிறு துளைகள் போட்டுப் பிசின் வழிய விடும், பாம்பு ஏற முடியாது.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. லாங்லீஃப் பைன் காட்டில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் தீ இயல்பு. இடி மின்னலாலும் மனிதர்களாலும் பல்லாயிரம் ஆண்டுகள் அப்படியே நடந்தது. தீயை அணைக்கத் தொடங்கியதும் ஓக் போன்ற மரங்கள் நடுவில் வளர்ந்து பொந்து உயரத்தை எட்டின. மரங்கொத்தி வெளியேறிவிட்டது. மரம் இருந்தது, பொந்து இருந்தது, தீ மட்டும் இல்லை. 1970ல் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் பொந்து மரங்களின் அடியைக் கூட்டிச் சுத்தம் செய்து, முறையாகத் தீ வைத்து, பழைய மரங்களை வெட்டாமல் காத்தார்கள். 1989ல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் ஒரு காட்டில் பொந்து மரங்களைக் கூட்டமாகச் சாய்த்தபோது, நிற்கும் மரங்களில் பெட்டிகளைச் செருகிச் செயற்கைப் பொந்துகள் செய்து பறவையைக் காப்பாற்றினார்கள். ராணுவப் பயிற்சி நிலங்களில் குண்டுவெடிப்பால் அடிக்கடி தீப்பிடித்ததால் அங்கே இந்தப் பறவை நன்றாகத் தங்கியது என்பதும் உண்மை. 1970களின் இறுதியில் சுமார் 1,470 குடும்பக் கூட்டங்கள். 2024ல் சுமார் 7,800. அந்த ஆண்டுதான் அபாய நிலையில் ஒருபடி கீழே இறக்கப்பட்டது.

மரவெட்டாலேயே பிழைத்த பறவையும் உண்டு. மிச்சிகனில் வாழும் கிர்ட்லண்ட் வார்ப்ளர், ஏறத்தாழ 5 முதல் 20 வயதுள்ள ஜாக் பைன் காட்டில், தாழ்ந்த கிளைக்கடியில் தரையில் கூடு கட்டும். ஜாக் பைன் காய் பெரும்பாலும் தீயின் சூட்டில்தான் திறக்கும். தீயை அடக்கியதும் இளங்காடு குறைந்தது. 1974லும் 1987லும் எண்ணியபோது பாடும் ஆண்பறவைகள் வெறும் 167. 1980 மே மாதம் இந்தப் பறவைக்காகவே வைத்த திட்டமிட்ட தீ ஒன்று கைமீறியது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார், 44 வீடுகள் அழிந்தன. அந்தத் தழும்பில் முளைத்த காட்டில்தான் பின்னாளில் பறவை பெருகியது என்பது சொல்லவே கனமான விஷயம். அதற்குப்பின் பெரும்பாலும் வெட்டி நட்டுத்தான் அங்கே இளங்காடு உருவாக்குகிறார்கள். இதன் கூட்டில் முட்டையிடும் கவ்பேர்ட் பறவையைப் பிடித்து அகற்றியதும் உதவியது. 2019ல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

ஆகவே 'எது மோசம்' என்ற கேள்விக்கு என் பதில்: முதுமையை நம்பிய உயிர்களுக்கு ஒட்டுமொத்த வெட்டுதான் மோசம், ஏனென்றால் அது மீண்டும் சேரக் காலமே தருவதில்லை. திட்டமிட்ட தீயை இடம், பருவம், இடைவெளி பார்த்து மாற்றிக்கொள்ள முடியும். தீயோடு வளர்ந்த காட்டில் அது தேவையும்கூட. ஈரக்காட்டில் அதே தீ பிழை. எல்லாவற்றிலும் மோசமானது, காட்டுத்தீ வந்து போன உடனே எரிந்த மரங்களை வெட்டி எடுப்பது. எப்படியும் செத்த மரம்தானே என்பார்கள். வட அமெரிக்காவின் கருமுதுகு மரங்கொத்தி போன்ற பறவைகள் எரிந்த மரத்தின் வண்டுப் புழுக்களைத் தேடியே வருகின்றன. 1939 தீக்குப் பின் நின்ற பட்டமரங்களையும் ஒன்றுவிடாமல் எடுத்திருந்தால் 1961ல் கண்டுபிடிக்க எந்தப் பாஸமும் இருந்திருக்காது.

விக்டோரியாவில் வெட்டு நின்றுவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடுமா என்று அடுத்து கேட்பீர்கள். 1939ல் முளைத்த ஆஷ் மரங்கள் இப்போது 90 வயதைக்கூட எட்டவில்லை. அவற்றில் பாஸத்துக்கு ஏற்ற பொந்து பரவலாக வருவதற்குள் 2100 தாண்டிவிடும், அதுவும் நடுவில் பெருந்தீ வராமல் இருந்தால். அன்றைக்கு எரிந்து நின்ற பட்டமரங்களோ ஒவ்வொரு புயலிலும் விழுந்துகொண்டிருக்கின்றன. இந்த நடுக்காலத்துக்காகக் கூடுபெட்டிகளை மாட்டுகிறார்கள், உயிருள்ள மரத்தில் சங்கிலி ரம்பத்தால் பொந்து குடைந்து கொடுக்கிறார்கள். பாஸங்கள் அவற்றில் குடியேறவும் செய்கின்றன. ஆனால் மரப்பெட்டி சில பத்தாண்டுகளில் உளுத்துப்போகும், பிறகு யாராவது மறுபடி மரம் ஏறி வேறொன்றை மாட்ட வேண்டும். 1939ன் மரங்களில் பொந்து விழும்வரை அந்த வேலை தொடர்ந்தாக வேண்டும்.